முகாமையாளரின் கொப்பி

மாசி மகத்தன்று மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து ஐந்து தேர்கள் வீதிக்கு வரும். பார்க்க வந்தவர் கண் தேரிலும் வடத்திலும் 108 அடி உயர இராஜகோபுரத்திலும் நிற்கும். இசைக்குழு நடத்துகிற தொழிலில் இருப்பவருக்கோ காதுதான் முந்திக்கொள்ளும். ஒரு தேருக்கு முன்னால் போகும் மேளம் அடுத்த தேரின் மேளத்தோடு மோதாமலிருக்க எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? தேர் அசையும் நேரம் பார்த்து மல்லாரி எடுக்கும்படி நாதஸ்வரக்காரருக்கு யார் கைகாட்டுவது? வெயிலில் மணிக்கணக்காக நடந்தபடி அடிக்கும் தவில்காரருக்கு எந்தச் சந்தியில் தண்ணீர் வைப்பது? அவருடைய விரல்கூடு உடைந்துவிட்டால் அவர் ஒதுங்கி நிற்கும் நேரத்துக்கு யார் தோள் கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த ஒருவர் எந்தத் திருவிழாவிலும் இருப்பார். அவர் இருக்கிறார் என்பதால்தான் ஊர்வலம் ஒழுங்காக நகர்கிறது. ஆனால் அவருக்குத் தெரிந்தது எதுவும் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. அவர் படுக்கையில் விழுந்தால் அடுத்த வருடத் தேருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒன்றே: இசைக்குழு முகாமையாளரின் அறிவு தலையிலிருந்து கொப்பிக்கு இறங்க வேண்டும். அதுவரைக்கும் இதைத் தொழில் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை அரைகுறையாகத்தான் இருக்கிறது.

முகாமையாளர் என்று யாரும் எங்களை அழைப்பதில்லை. கோயில் மேளமானால் மேளத் தலைவரே அந்த வேலையையும் பார்ப்பார். மெல்லிசைக் குழுவானால் கீபோட் வாசிப்பவரோ, வான் வைத்திருப்பவரோ, சவுண்ட்ஸ்காரரின் மச்சானோ பார்ப்பார். வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். விழாக் குழுவோடு விலை பேசுவது, முற்பணம் வாங்குவது, ஆட்களுக்குத் திகதி சொல்வது, பாட்டுப் பட்டியல் போடுவது, லொறி, ஜெனரேட்டர், சாப்பாடு, பொலிஸ் அனுமதி, கடைசியில் கணக்குத் தீர்ப்பது. மாத்தளையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரத்தோட்டை, எல்கடுவை போன்ற பக்கங்களின் தோட்டங்களுக்கு ஏறும் வழியில் பெரிய லொறி திரும்பாத வளைவுகள் இருக்கின்றன. எந்த இடத்தில் ஸ்பீக்கர்களை இறக்கிச் சின்ன வாகனத்தில் மாற்ற வேண்டும் என்பது ஒரு அறிவு. எந்தத் தோட்ட மைதானத்தில் மின்சாரம் பாதி இராத்திரியில் இறங்கி அம்பிளிபையரைக் கெடுக்கும் என்பதும் அறிவுதான். இதை எந்தப் பாடசாலையும் கற்பிக்காது. பத்து வருடம் அலைந்தவர் அறிவார். அவரோடு அது போய்விடும்.

அலைந்து பெற்ற அறிவு ஆளோடு போய்விடக்கூடாது என்ற கவலை நம் ஊர் மண்ணுக்குப் புதிதல்ல. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பாதையில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரைக் குகை விகாரை. புத்தரின் போதனைகளைப் பல நூறு ஆண்டுகள் பிக்குமார் மனப்பாடமாகவே காத்துவந்தார்கள். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் படையெடுப்பும் சேர்ந்து மனப்பாடம் செய்தவர்களையே கொண்டுபோகத் தொடங்கியபோது, அந்தக் குகைகளில் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. மனப்பாடம் தாழ்ந்தது, எழுத்து உயர்ந்தது என்று எண்ணி அவர்கள் எழுதவில்லை. ஒரு தலைமுறை ஒரேயடியாக விழுந்தால் தாங்குவதற்கு வேறு வழியில்லை என்பதால் எழுதினார்கள். திரிபிடகத்தோடு லொறி வளைவுகளை ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். எதை எழுதுவது என்பதில் நமக்கும் அவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஏன் எழுதுவது என்பதில் தூரமே இல்லை.

பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நாம் இந்த அக்கறையை எப்போதோ காட்டிவிட்டோம். வட இலங்கை சங்கீத சபை 1931இல் தொடங்கியது. தரம் தரமாகப் பரீட்சை எழுதிக் கலாவித்தகர் பட்டம் வரை போகலாம். மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரிலான கலைப் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. இத்தனை வாசலிலும் இசையைக் கற்று வெளியே வருகிற பிள்ளை, அந்த இசையை ஒரு மேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை யாரிடம் கற்பது? அமெரிக்காவில் இசைக்குழுக்களை நடத்துபவர்கள் 1942இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள், பிரித்தானியாவில் 1947இல். ஆண்டுக் கூட்டம், பயிற்சி, சம்பள அளவு, சுற்றுப்பயண ஒழுங்கு என்று ஒருவர் அனுபவம் மற்றவருக்குப் போகிறது. அவர்கள் பணக்காரர்கள் என்பதால் இது நடக்கவில்லை. 1942 அமெரிக்கா போருக்குள் இருந்த வருடம். 1947இன் பிரித்தானியாவில் உணவுக்கும் பங்கீடு நடந்தது. தட்டுப்பாட்டில்தான் ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு அதிகம் தேவைப்படுகிறது.

முகாமையாளரின் தலைவலிகளில் மூத்தது மாற்று ஆள். வருகிறேன் என்று ஒத்துக்கொண்ட பேஸ் கிற்றார்காரர் அன்றைக்கே அதிக காசுக்கு வேறு கலியாணம் கிடைத்தால் தன் இடத்துக்கு ஒருவரை அனுப்பிவிடுவார். வந்தவருக்குப் பாட்டுகளின் சுருதி தெரியாது. ஒத்திகைக்கு இருந்தவர் மேடைக்கு இல்லை. இது நம் சிறுமை என்று நினைக்க வேண்டாம். இலண்டன் குயின்ஸ் ஹோல் மண்டபத்தின் முகாமையாளர் ரொபர்ட் நியூமன். புரோம்ஸ் என்று இன்றும் நடக்கும் கச்சேரித் தொடரை 1895இல் ஆரம்பித்தவர் அவர்தான். அவரும் நடத்துநர் ஹென்றி வூட்டும் இதே தலைவலியில் தவித்தார்கள். 1904இல் மாற்று ஆள் முறையையே ஒழித்தார்கள். உடனே நாற்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள் வெளியேறி, அதே ஆண்டு ஜூன் 9ஆம் திகதி தங்கள் சொந்தக் குழுவாக லண்டன் சிம்பொனி ஒர்க்கெஸ்ட்ராவை மேடையேற்றிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு பக்கம் சாய்வார்கள்: ஒழுங்கை விரும்பிய முகாமையாளர் சரி, அல்லது உரிமைக்கு எழுந்த கலைஞர் சரி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் கலைஞரிடம் அதிக காசுள்ள வேலையை விடு என்று சொல்ல ஒரு முகாமையாளருக்கு என்ன தகுதி? ஆனால் யார் வருவார் என்று தெரியாமல் மேடையைத் திறக்கவும் முடியாது. தடை போட்டால் ஆள் போய்விடும், சும்மா விட்டால் இசை போய்விடும். இடையில் இருக்கும் வழி, மாற்று ஆளை முன்கூட்டியே எழுதி வைப்பது. இன்னாருக்குப் பதில் இன்னார், இத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், ஒத்திகைக்கு அவருக்கும் காசு உண்டு.

இங்கேதான் முதலாவது எதிர்ப்பு வரும். நம் தொழில் வாக்கில் ஓடுவது. வெற்றிலை பாக்கோடு முற்பணம் கைமாறினால் போதும். காகிதத்தை நீட்டுவது ஆளை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது. இந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். மலையகத்தில் வாக்குக்கு இருக்கும் மரியாதை வெறும் பேச்சல்ல. ஆனால் அதே ஊரில் கலியாண வீட்டு வாசலில் கொப்பியை விரித்து வைத்து, பெயர், ஊர், தொகை என்று மொய் எழுதுகிறோம். சொந்த அண்ணன் தம்பியின் பெயரையும் எழுதுகிறோம். அதனால் உறவு முறிந்ததா? எழுதி வைத்ததால்தான் இருபது வருடம் கழித்தும் அந்த வீட்டுக் கலியாணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.

இதற்கு மொய்க் கொப்பியைவிடப் பழைய சாட்சி தஞ்சாவூரில் கல்லில் இருக்கிறது. இராஜராஜ சோழன் 1014ஆம் ஆண்டளவில் பெரிய கோயில் மதிலில் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு, கோயிலுக்குக் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, பெயர் பெயராகச் சொல்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு என்று முகவரியும் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அடுத்து நட்டுவம் செய்பவர், பாடுபவர், வீணை, உடுக்கை, மத்தளம், சங்கு என்று வாத்தியக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் பங்கு குறித்திருக்கிறது. என்னை மிகவும் நிறுத்தி வாசிக்க வைத்தது அதிலுள்ள ஒரு ஏற்பாடு. ஒருவர் இறந்தாலோ வேறு ஊர் போனாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ள இன்னொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். இலண்டனில் 1904இல் வெடித்த சிக்கலுக்கு, அதற்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கோயில் வழி எழுதி வைத்திருந்தது. அந்த அரசனிடம் வாக்குக்கு மதிப்பில்லாமல் போய்விட்டதா? அவன் வாக்குத்தான் கல்லில் இருக்கிறது.

அதே பட்டியலில் குடை பிடிப்பவர், விளக்குப் பிடிப்பவர், துணி வெளுப்பவர், தைப்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். நம் இசைக்குழுக்களின் வழக்கமான கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கம் வருகிறது. பாடகருக்கு என்ன, கீபோட்டுக்கு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வயர் இழுக்கிற பொடியனுக்கு, ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கி மேட்டில் ஏற்றுகிறவருக்கு, தப்புக்காரருக்கு, கடைசியில் மிஞ்சியது எதுவோ அதுதான் சம்பளம். விழாக் குழு பேசிய தொகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் அந்தக் குறை மேலிருந்து கீழே உருண்டு அவர்கள் தலையில்தான் விழும். வாய்ப்பேச்சுக் கணக்கு, பேசத் தெரிந்தவருக்கும் அதட்டத் தெரிந்தவருக்கும் சாதகமான கணக்கு. எழுத்துக்கு எதிரான வாதங்களைக் கேட்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவற்றை அதிகம் சொல்பவர்கள் பட்டியலின் மேல்பாதியில் இருப்பவர்கள்.

இது வெள்ளைக்காரர் வழக்கம், எட்டுப் பேர் குழுவுக்கு எதற்கு என்பது அடுத்த பேச்சு. வழக்கத்தைப் பற்றி: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒரு முகாமையாளர் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தகுதி வரிசையாக வருகிறது. பிறகு மேடை. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைக்கும் மேல் பலகைக்கும் இடையில் நான்கு கோல். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாசல். தூண் நிழல் ஆடுபவர் மேல் விழாதபடி விளக்கு. மூன்று வகைத் திரை. எந்த வாத்தியம் எதைப் பின்பற்றி எழ வேண்டும் என்ற ஒழுங்கும் உண்டு. இதைவிடத் துல்லியமான மேடைக் குறிப்பு இன்றைக்கு எந்த விழாக் குழுவிடம் இருக்கிறது? ஒளி எங்கே நிற்க வேண்டும் என்று எழுதிய மொழி நம் மொழி. சிறிய குழு என்பதைப் பற்றி: எண்பது பேரில் ஒருவர் வராவிட்டால் சமாளிக்கலாம். எட்டுப் பேரில் ட்ரம்ஸ்காரர் வராவிட்டால் நிகழ்ச்சியே இல்லை. சிறிய குழுவுக்குத்தான் கொப்பி அவசரமாக வேண்டும்.

காலமும் நம்மை எழுதச் சொல்லி நெருக்குகிறது. 2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்றும், விசேட சமய விழா போன்றவற்றுக்கு அயலவர் கருத்தை அறிந்து விலக்கு அளிக்கலாம் என்றும் கட்டளையிட்டது. விடிய விடிய நடந்த இசை நிகழ்ச்சிக்கு இதனால் ஒரு சுவர் எழும்பியது. அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கும் ஊரில் தூக்கத்துக்கும் உரிமை உண்டு. ஆனால் அதன் விளைவை யோசியுங்கள். 7 மணிக்கு என்று அறிவித்த நிகழ்ச்சி, பிரமுகர் வர வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும் என்று எட்டரைக்குத் தொடங்கினால் மிச்சம் ஒன்றரை மணித்தியாலம். வெட்டு எங்கே விழும்? பெரிய பாடகரின் பாட்டில் விழாது. முதன்முதலாக மேடையேற வந்த உள்ளூர்ப் பிள்ளையின் ஒரே ஒரு பாட்டில் விழும். எத்தனை மணிக்கு யார், தாமதமானால் எது சுருங்கும் என்று முன்பே எழுதி விழாக் குழுவின் கையெழுத்தையும் வாங்கியிருந்தால், சுருங்க வேண்டியது பொன்னாடையாக இருந்திருக்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடி நமக்கு எழுத்தின் அருமையை வேறு விதமாகக் காட்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜூலை கடைசியில் எரிபொருள் அட்டை வந்தபோது வான் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஏறக்குறைய 280 கிலோமீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் 20 லீற்றரில் 200தான் ஓடும். ஒரு வாரப் பங்கு முழுவதையும் போட்டாலும் ஒரு கச்சேரிக்குப் போய்த் திரும்ப முடியாது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவர்கள், கண்டியில் இருக்கும் வாத்தியக்காரரை அங்கேயே ஏற்றிக்கொள்வது, ஸ்பீக்கரைக் கொழும்பிலேயே வாடகைக்கு எடுப்பது என்று வழி தேடலாம். மனக்கணக்கில் ஓடுபவருக்கு எண்ணெய் தீர்ந்த இடத்தில்தான் கணக்குத் தெரியும். பெரிய குழப்பங்களிலும் பாடம் இதுவே. 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னைக்கு வெளியே நடந்த ஏ. ஆர். ரஹ்மானின் கச்சேரியில் டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போகவே முடியவில்லை. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சி, கூட்டம் தடுப்புகளைத் தாண்டி வந்ததால் இடையில் நின்றது. இரண்டு இடத்திலும் இசையில் ஒரு குறையும் இல்லை. மக்கள் நினைவில் தங்கியது ஏற்பாட்டில் ஏற்பட்ட குறை. அது ஒட்டிக்கொண்டதோ பாடகரின் பெயரில்.

கலை எழுத்துக்குள் அடங்காது என்பவர்களுக்கு நான் உடன்படுகிறேன். நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்தால் எங்கே போய் எங்கே திரும்புவார் என்று அவருக்கே தெரியாது, தெரியக்கூடாது. கொப்பியில் அவர் இராகத்துக்கு இடமில்லை. அந்த இராகத்துக்கு எத்தனை நிமிடம், அதற்கு முன் அவருக்கு எவ்வளவு ஓய்வு, முடிந்ததும் அவர் எந்த வாகனத்தில் எத்தனை மணிக்கு வீடு போவார் என்பதற்குத்தான் இடம். வேலியை ஒழுங்காகப் போட்டால் உள்ளே மாடு நிம்மதியாக மேயும். சாப்பாடு வருமா, காசு கிடைக்குமா என்ற யோசனையோடு ஊதுபவரின் தோடியில் அந்தக் கவலையும் சேர்ந்து கேட்கும்.

எதிர்ப்புகளில் எனக்குக் கடினமானது பணம் பற்றியது. எழுதிய தொகை கண்ணில் படும். 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகளுக்கு அனுமதிச் சீட்டின் மேல் வரி போட அதிகாரம் கொடுத்திருக்கிறது. கணக்கு இருந்தால் கேள்வி வரும் என்ற பயம் விழாக் குழுக்களுக்கு உண்டு. குழுவுக்குள்ளும் ஒருவர் வாங்குவது மற்றவருக்குத் தெரிந்தால் மனஸ்தாபம் வரும். இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மனஸ்தாபம் வரத்தான் செய்யும், சில குழுக்கள் உடையவும் கூடும். ஆனாலும் வெளிச்சத்தில் வரும் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. இருட்டில் இருக்கும் சந்தேகம் வருடக்கணக்கில் ஊறும். கீபோட்டுக்குள் பதிந்துகொண்டு வரும் ட்ராக் இன்றைக்கு நான்கு வாத்தியக்காரர் வேலையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நால்வரை மேடையில் வைத்திருக்க என்ன செலவு, இல்லாவிட்டால் என்ன இழப்பு என்று விழாக் குழுவிடம் வாதாட வேண்டுமானால் கையில் எண் வேண்டும். எண் இல்லாத முகாமையாளர் விலை குறைத்துக்கொண்டே போவார். குறைக்கக் குறைக்க முதலில் இறங்குபவர் தபேலாக்காரர்.

ஆகவே ஆளுக்கு ஒரு கொப்பி போதும், கம்பியூட்டர் தேவையில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம். திகதி, இடம், பேசிய தொகை, முற்பணம், ஆட்களின் பெயர், ஒவ்வொருவர் பங்கு, மாற்று ஆள். பங்கை எழுதும்போது கீழிருந்து தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம்: வயர் பொடியன் முதலில், பாடகர் கடைசியில். மறுபக்கத்தில் வழி, வளைவு, மின்சாரம், மைதானம், எது பிழைத்தது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். நிகழ்ச்சி முடிந்து வீடு போகும் வழியில், தூக்கம் வருமுன் அந்தப் பக்கம் நிரம்ப வேண்டும். எழுதுவதை முகாமையாளரே செய்யக்கூடாது. குழுவில் வயதில் இளையவர் எழுத வேண்டும், முகாமையாளர் சொல்ல வேண்டும். எழுதும் கைதான் கற்கும்.

பிரதி ஒன்று மாத்தளைக்கு வெளியே இருக்கட்டும். அலுவிகாரையின் ஏட்டுச் சாலை 1848 கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலேயப் படையின் கையில் அழிந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் இந்த நகரத்துத் தமிழர் வீடுகளிலும் கடைகளிலும் எரிந்தவற்றில் எத்தனை கணக்கு, எத்தனை பாட்டுக் கொப்பி இருந்தன என்று எண்ணியவர் இல்லை. இன்றைக்குப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் இன்னொரு ஊரில் இருக்கும் ஒரு குழுவுக்கு அனுப்ப அரை நிமிடம் போதும். அவர்கள் பக்கத்தை நமக்கு அனுப்பட்டும். பண்டாரவளைக்காரர் ஏறிய மேட்டை நாம் முன்பே அறிந்திருப்போம். நம் ரத்தோட்டை வளைவில் ஸ்பீக்கரை எங்கே இறக்குவது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.